பாப் பாடலும் இசைத்தாளும்

இசைத்தாள் என்பது ஒரு பாடலின் மெட்டு, தாளம், சொற்கள் ஆகியவற்றைக் குறியீடுகளாக அச்சிட்டுத் தரும் தாள் ஆகும். இன்று பாட்டு என்றதும் நம் நினைவுக்கு வருவது ஒலிப்பதிவு. ஆனால் 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு பாட்டை வாங்குவது என்றால் கடையில் அதன் இசைத்தாளை வாங்குவது என்றே பொருள். வாங்கியவர் வீட்டில் யாராவது பியானோவில் அமர்ந்து வாசித்தால்தான் அந்தப் பாட்டு காதில் விழும்.

பாப் இசை எனப்படும் பரப்பிசையின் பாணிகள் மாறியபோதெல்லாம் இசைத்தாளின் வடிவமும் பயனும் மாறின. சில பாணிகள் தாளுக்குள் எளிதில் அடங்கின, சில அடங்கவில்லை. பாட்டுக்கு உரியவர் யார், பணம் யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்விகளுக்கு நீதிமன்றங்கள் நெடுங்காலம் இந்தத் தாளைப் பார்த்தே விடை சொன்னதால், இது இசைக்கலைஞர்களின் பிழைப்பைத் தொட்ட செய்தியும் ஆகும். இக்கட்டுரை பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்த மாற்றங்களை விளக்குகிறது.

இசைத்தாளின் அமைப்பு

மேற்கத்திய இசைக்குறியீட்டில் ஐந்து கிடைக்கோடுகள் உண்டு. கோட்டின் மீதோ இரு கோடுகளுக்கு இடையிலோ வைக்கப்படும் புள்ளி, சுரத்தின் உயரத்தைக் காட்டும். புள்ளியின் வடிவமும் அதன் காம்பும் அச்சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதைக் காட்டும். செங்குத்துக் கோடுகள் பாட்டைத் தாளக் கட்டங்களாகப் பிரிக்கும்.

பாப் பாடலின் வழக்கமான இசைத்தாளில் மூன்று வரிசைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். மேல் வரிசை பாடகருக்கு உரியது. அதன் அடியில் பாட்டின் சொற்கள் அசை அசையாகப் பிரித்து அச்சிடப்பட்டிருக்கும். கீழே உள்ள இரண்டும் பியானோ வாசிப்பவரின் வலக்கைக்கும் இடக்கைக்கும் உரியவை. 1920களில் யுகுலேலி என்ற சிறிய நரம்புக் கருவி அமெரிக்காவில் பெரிதும் பரவியபோது, விரல்களை எங்கே வைப்பது என்று காட்டும் சிறு கட்டப் படங்களும் மேலே சேர்ந்தன. பின்னர் அந்த இடத்தைக் கிட்டார் பிடித்துக்கொண்டது.

வீட்டில் வாசிப்பவருக்காக அச்சிடப்படுவதால் இத்தாள்கள் எளிமைப்படுத்தப்பட்டவை. மேடையில் பாடகர் பாடிய சுருதி வேறாக இருக்கலாம். முழு வாத்தியக்குழு வாசித்ததை இரண்டு கைகளுக்குள் சுருக்கியிருப்பார்கள். ஆகவே இசைத்தாளைப் பாட்டின் முழுப் பிரதி என்று கொள்வதைவிட, பாட்டை மீண்டும் உருவாக்க உதவும் குறிப்பு என்று கொள்வதே பொருந்தும்.

வீட்டுப் பியானோவின் காலம்

அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் இசைப்படைப்புகள் 1831ஆம் ஆண்டு வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டன. ஆயினும் சட்டம் இருந்ததே தவிர, பாட்டை இயற்றியவருக்குப் பணம் ஒழுங்காகச் சேரவில்லை. இதற்கு ஸ்டீபன் ஃபாஸ்டர் நல்ல எடுத்துக்காட்டு. அவருடைய 'ஓ! சுசானா' 1848இல் அச்சாகி நாடெங்கும் பரவியது. பல பதிப்பாளர்கள் அவருக்கு எதுவும் தராமலே அதை அச்சிட்டு விற்றனர். 1851இல் வந்த 'ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்' பாடலின் தாளில், அதை மேடையேற்றிய குழுத்தலைவர் கிறிஸ்டியின் பெயரே இயற்றியவராக அச்சிடப்பட்டது. அமெரிக்கா முழுவதும் பாடிய பாடல்களைத் தந்த ஃபாஸ்டர், 1864 சனவரியில் நியூயார்க்கில் தமது 37ஆம் வயதில் இறந்தபோது அவர் பணப்பையில் இருந்தது 38 சென்ட்.

அக்காலப் பாடல்கள் பலவும் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பின மக்களைப் போல நடித்துப் பாடிய மேடைகளில் பிறந்தவை. அம்மக்களை இழிவுபடுத்தும் சொற்களும் அட்டைப்படங்களும் இசைத்தாள்களில் நிறைந்திருந்தன. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உள்ள லெஸ்டர் லெவி தொகுப்பில் 29,000க்கும் மேற்பட்ட இசைத்தாள்கள் பாதுகாக்கப்படுகின்றன. பாட்டின் வரலாற்றோடு அந்தச் சமூகத்தின் மனப்போக்கையும் அறிய அவை சான்றாகின்றன.

டின் பான் ஆலி

1891 வரை அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டவரின் படைப்புகளைப் பாதுகாக்கவில்லை. அதனால் அமெரிக்கப் பதிப்பாளர்கள் ஐரோப்பியப் பாடல்களை விலையின்றி எடுத்து அச்சிட்டு வந்தனர். 1891இல் பன்னாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் வந்ததும் அந்த வழி அடைபட்டது. உள்நாட்டில் புதுப் பாடல்களை உருவாக்கி விற்பது இலாபமான தொழிலானது.

அத்தொழிலின் மையம் நியூயார்க் நகரின் மேற்கு 28ஆம் தெரு. பதிப்பகம் ஒவ்வொன்றிலும் பல பியானோக்கள் ஒரே நேரத்தில் ஒலித்த இரைச்சல் தகரப் பாத்திரங்களைத் தட்டுவது போல இருந்ததால் 'டின் பான் ஆலி', அதாவது தகரப் பாத்திரச் சந்து, என்ற பெயர் வந்ததாகக் கூறுவர். அத்தெருவின் ஐந்து கட்டடங்களை நியூயார்க் நகரம் 2019இல் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவித்தது.

சார்லஸ் ஹாரிஸ் இயற்றிய 'ஆஃப்டர் தி பால்' என்ற பாடல் இத்தொழில் எவ்வளவு பெரிதாகும் என்பதைக் காட்டியது. 1892இல் தாமே பதிப்பித்த அப்பாடலை அவர் ஒரு நாடகத்தில் பாட வைத்தார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜான் பிலிப் சூசாவின் இசைக்குழு அதை வாசித்தது. பல இலட்சம் படிகள் விற்றன.

பாட்டைக் கேட்காமல் யாரும் தாளை வாங்கமாட்டார்கள். ஆகவே பாட்டை வாசித்துக் காட்டி விற்பதற்கென்றே பதிப்பகங்கள் ஆட்களை வைத்திருந்தன. அவர்கள் கடைகளிலும் அரங்குகளிலும் புதுப் பாடல்களை வாசித்து, புகழ்பெற்ற பாடகர்களை அவற்றைப் பாடச் செய்தனர். பின்னாளில் பெரும் இசையமைப்பாளரான ஜார்ஜ் கெர்ஷ்வின் தமது 15ஆம் வயதில், வாரம் 15 டாலர் ஊதியத்தில், ரெமிக் பதிப்பகத்தில் இவ்வேலையைச் செய்தவர்.

விற்பனையே பாட்டின் வடிவத்தையும் தீர்மானித்தது. வீட்டில் பாடுவோர் எட்டக்கூடிய சுர எல்லை, ஒருமுறை கேட்டால் மனத்தில் நிற்கும் பல்லவி, இரண்டு மூன்று பக்கங்களுக்குள் அடங்கும் நீளம் ஆகியவை தேவைப்பட்டன. காலப்போக்கில் 32 தாளக் கட்டங்கள் கொண்ட அமைப்பு நிலைபெற்றது. எட்டுக் கட்டங்கள் கொண்ட ஒரு பகுதி இருமுறை வரும். அடுத்து மாறுபட்ட எட்டுக் கட்டங்கள். பிறகு முதற்பகுதி மீண்டும் வரும்.

தாளுக்கு அடங்காத இசை

1890களின் இறுதியில் ராக்டைம் பாணி பரவியது. இதில் இடக்கை சீராகத் தாளம் போட, வலக்கை வாசிக்கும் மெட்டின் அழுத்தம் தட்டுகளுக்கு இடையில் விழும். கறுப்பின இசைக்கலைஞரான ஸ்காட் ஜாப்ளினின் 'மேப்பிள் லீஃப் ராக்' 1899இல் மிசூரி மாநிலத்தில் அச்சானது. ஒரேயடியாக விற்றுவிடாமல், விற்கும் ஒவ்வொரு படிக்கும் 1 சென்ட் தமக்கு வர வேண்டும் என்ற ஒப்பந்தத்துடன் அவர் அதைக் கொடுத்தார். அக்காலத்தில் கறுப்பினக் கலைஞருக்கு இத்தகைய ஒப்பந்தம் எளிதில் கிட்டுவதன்று.

ராக்டைமைத் தாளில் எழுதிவிடலாம். அடுத்து வந்த புளூஸ் பாணியை எழுதுவது கடினம். அதில் சில சுரங்கள் பியானோவின் இரு கட்டைகளுக்கு இடைப்பட்ட இடத்தில் ஒலிக்கும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும். நம் இசையின் கமகங்களை அறிந்தவர்களுக்கு இச்சிக்கல் எளிதில் விளங்கும். புள்ளியைக் கோட்டின்மேல் வைக்கலாம், அசைவை வைக்க முடியாது. டபிள்யூ. சி. ஹேண்டி இதை இயன்ற அளவு குறியீட்டில் கொண்டுவந்தார். 1912இல் வந்த 'மெம்பிஸ் புளூஸ்' பாடலின் உரிமையைச் சொற்பத் தொகைக்கு விற்று ஏமாந்த அவர், தாமே பங்குதாரராகப் பதிப்பகம் நடத்தி 1914இல் 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' பாடலை வெளியிட்டார். அதன் வருவாய் அவருக்கே சேர்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பாட்டை உருவாக்கும் திறனும் அதை எழுதும் திறனும் ஒன்றல்ல. 1911இல் 'அலெக்சாண்டர்ஸ் ராக்டைம் பாண்ட்' என்ற புகழ்பெற்ற பாடலைத் தந்த இர்விங் பெர்லின் குறியீட்டில் தேர்ச்சி இல்லாதவர். பெரும்பாலும் பியானோவின் கறுப்புக் கட்டைகளிலேயே வாசிப்பார். அவர் வாசிப்பதைக் கேட்டு எழுதித்தர உதவியாளர்கள் இருந்தனர்.

துளைத்தாள் சுருளும் சட்டமும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தானியங்கிப் பியானோ பரவியது. துளைகள் இடப்பட்ட நீண்ட காகிதச் சுருள் அதனுள் ஓடும்போது, துளைகளுக்கு ஏற்பக் கட்டைகள் தாமே அசைந்து பாட்டு ஒலிக்கும். சுருள் தயாரித்தவர்கள் பாட்டின் உரிமையாளருக்குப் பணம் தரவில்லை.

ஒரு பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இல், மனிதர் கண்ணால் பார்த்துப் படிக்க முடியாத துளைச்சுருள் இசைத்தாளின் படி ஆகாது என்று தீர்ப்பளித்தது. இதே வாதம் இசைத்தட்டுக்கும் பொருந்தும் என்பதால் இசையமைப்பாளர்கள் கலங்கினர். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றியது. சுருளோ இசைத்தட்டோ, விற்கும் ஒவ்வொரு படிக்கும் 2 சென்ட் உரிமத்தொகை என்று 1909ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இந்த 2 சென்ட் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள், 1978 வரை, உயர்த்தப்படவே இல்லை.

பொது இடங்களில் பாடல்களை வாசிப்பதற்கும் கட்டணம் பெறுவதற்காக இசையமைப்பாளர்களும் பதிப்பாளர்களும் 1914இல் அஸ்காப் என்ற சங்கத்தை அமைத்தனர்.

வானொலியும் இசைத்தட்டும்

1920இல் தொடங்கிய வணிக வானொலி, பாட்டு கேட்பதற்கு வீட்டில் யாரும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்ற நிலையை உருவாக்கியது. 1925இல் ஒலிவாங்கி வழியாகப் பதிவு செய்யும் முறை வந்தது. அரங்கம் அதிரப் பாடிய குரல்களின் இடத்தில் காதருகே பேசுவது போலப் பாடும் பிங் கிராஸ்பி போன்றோரின் குரல்கள் புகழ்பெற்றன. அந்த மென்மையைக் குறிக்க இசைத்தாளில் குறியீடு இல்லை. மக்கள் விரும்பியது குறிப்பிட்ட ஒருவர் பாடிய பாட்டை. தாளின் அட்டைகளிலும் பாடகரின் படமே பெரிதாயிற்று.

1941இல் அஸ்காப் சங்கத்துக்கும் வானொலி நிலையங்களுக்கும் கட்டணத்தில் பிணக்கு ஏற்பட்டது. பல மாதங்கள் அச்சங்கத்தின் பாடல்கள் பெரிய நிலையங்களில் ஒலிக்கவில்லை. உரிமைக்காலம் முடிந்து பொதுவுடைமையான ஃபாஸ்டரின் பழம்பாடல்கள் மீண்டும் மீண்டும் ஒலித்தன. நிலையங்கள் 1939இல் தொடங்கிய பி.எம்.ஐ. என்ற போட்டி அமைப்பு, அதுவரை ஒதுக்கப்பட்டிருந்த நாட்டுப்புறப் பாணிக் கலைஞர்களையும் கறுப்பினக் கலைஞர்களையும் உறுப்பினராகச் சேர்த்தது. பின்னர் எழுந்த ராக் இசைக்கு இதுவும் வழி அமைத்தது.

எந்தப் பாட்டு முன்னணியில் உள்ளது என்று கணக்கிடும் முறையும் மாறியது. அமெரிக்காவின் பில்போர்டு இதழ் 1940இல் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலைத் தொடங்கியது. பிரிட்டனில் இசைத்தாள் விற்பனையே அளவுகோலாக இருந்த நிலையில், 1952 நவம்பரில் முதல் இசைத்தட்டுப் பட்டியல் வெளிவந்தது.

ராக் இசைக்குப் பின்

1950களில் ராக் அண்ட் ரோல் வந்தபோது பாட்டு முதலில் ஒலிக்கூடத்தில் பிறந்தது. தாள் பிறகு எழுதப்பட்டது. வரிசை தலைகீழானது. பீட்டில்ஸ் குழுவினர் இசைக்குறியீடு எழுதப் படிக்கப் பயிலாதவர்கள். 1965இல் 'எஸ்டர்டே' பாடலுக்கு நரம்பிசை நால்வர் தேவைப்பட்டபோது, அவர்களுக்கான பகுதியைக் குறியீட்டில் எழுதியவர் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். 1967இல் வந்த 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபார்எவர்' பாடல், வெவ்வேறு சுருதியிலும் வேகத்திலும் அமைந்த இரண்டு பதிவுகளை, நாடாவின் வேகத்தை மாற்றி ஒட்டி உருவாக்கியது. இத்தகைய பாட்டில் தாள் காட்டுவது எலும்புக்கூட்டை மட்டுமே.

1979இல் 'ராப்பர்ஸ் டிலைட்' வழியாகப் பெருங்கவனம் பெற்ற ராப் பாணியில் மெட்டே பின்னுக்குப் போனது. அதன் சொற்களைத் தாளில் காட்ட, புள்ளிக்குப் பதில் பெருக்கல் குறியிட்டுத் தாளத்தை மட்டும் குறிக்கின்றனர்.

சுருக்கக் குறிப்புகள்

தொழில்முறைக் கலைஞர்களுக்கு முழு இசைத்தாள் தேவையில்லை. மெட்டை ஒரே வரிசையில் எழுதி, மேலே கார்டுகளின் பெயர்களை மட்டும் குறிப்பது அவர்கள் வழக்கம். கார்டு என்பது ஒருசேர ஒலிக்கும் சுரங்களின் தொகுதி. இத்தகைய தாள்கள் உரிமம் பெறாமலே தொகுக்கப்பட்டுக் கலைஞர்களிடையே கைமாறின. 1970களில் பாஸ்டன் நகர இசைமாணவர்கள் தொகுத்த 'ரியல் புக்' இவற்றுள் புகழ்பெற்றது. உரிமம் பெற்ற பதிப்பு 2004இல்தான் வந்தது.

நாஷ்வில் நகர ஒலிக்கூடங்களில் கார்டுகளை எழுத்துகளால் குறிக்காமல் எண்களால் குறிக்கும் முறை 1950களின் இறுதியில் உருவானது. அடிப்படைச் சுரத்தின் மேல் அமைந்தது 1. அதிலிருந்து நான்காம் சுரத்தின் மேல் அமைந்தது 4. பாடகர் சுருதியை மாற்றச் சொன்னால் தாளைத் திருத்த வேண்டியதில்லை. எத்தனை கட்டைச் சுருதியில் பாடினாலும் ச ரி க ம மாறாதிருப்பதைப் போன்றதே இது.

வழக்குமன்றத்தில் இசைத்தாள்

அமெரிக்காவில் ஒலிப்பதிவுகளுக்கு நடுவண் அரசின் பதிப்புரிமை 1972 பிப்ரவரி 15 முதல்தான் கிடைத்தது. 1978க்கு முன் ஒரு பாட்டின் இசையைப் பதிவு செய்ய இசைத்தாளையே அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். இதன் விளைவுகள் 21ஆம் நூற்றாண்டிலும் தொடர்கின்றன.

மார்வின் கேயின் 1977ஆம் ஆண்டுப் பாடலைத் தழுவியதாக 'பிளர்டு லைன்ஸ்' பாடல்மீது வழக்கு நடந்தது. ஒப்படைக்கப்பட்ட தாளில் உள்ளதற்கே பாதுகாப்பு உண்டு என்று கீழ்நீதிமன்றம் கருதியதால், கேயின் அசல் பதிவை நடுவர் குழுவுக்குப் போட்டுக்காட்ட அனுமதிக்கவில்லை. அந்தத் தாளையோ கேய் எழுதவில்லை. பதிவைக் கேட்டு வேறொருவர் எழுதியது. ஆயினும் 2015இல் நடுவர் குழு கேய் குடும்பத்தாருக்குச் சாதகமாக முடிவு செய்தது. 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாடல்மீதான வழக்கிலும், பாதுகாப்பின் எல்லை ஒப்படைத்த தாளே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் உறுதி செய்தது. அவ்வழக்கில் லெட் செப்பெலின் குழு வென்றது.

பிறந்தநாள் வாழ்த்துப் பாடலின் கதையும் இவ்வகையே. கென்டக்கி மாநிலத்தில் மழலையர் பள்ளி ஆசிரியையான பாட்டி ஹில்லும் அவர் அக்கா மில்ட்ரெடும் குழந்தைகளுக்காக அமைத்த காலை வணக்கப் பாடல் 1893இல் நூலில் வந்தது. அதன் மெட்டில் பிறந்தநாள் சொற்கள் பின்னர் வழங்கின. 1935இல் செய்த பதிவைக் காட்டி அதற்குப் பல ஆண்டுகள் கட்டணம் வாங்கப்பட்டது. அப்பதிவு குறிப்பிட்ட பியானோ அமைப்புகளை மட்டுமே பாதுகாத்தது, சொற்களை அன்று என்று நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு 1.4 கோடி டாலர் இழப்பீட்டுடன் வழக்கு முடிந்தது.

இந்தியாவிலும் தமிழிலும்

தமிழகத்தில் மரபிசையைக் குறியீட்டில் பதிக்கும் முயற்சிகள் முன்பே நடந்தன. சின்னசாமி முதலியார் 1890களில் கருநாடக இசையை மேற்கத்தியக் குறியீட்டில் வெளியிட்டார். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் எட்டயபுரத்தில் அச்சானது.

ஆனால் வெகுமக்கள் பாடலான திரைப்பாடலுக்கு இசைத்தாள் சந்தை உருவாகவில்லை. மாறாகத் திரையரங்க வாசலில் சிறு விலைக்குப் பாட்டுப் புத்தகம் விற்றது. அதில் நடிகர் பட்டியல், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும் கதைச்சுருக்கம், பாடல்களின் சொற்கள் ஆகியவை இருக்கும், சுரம் இருக்காது. மெட்டைக் காதால் பிடித்துக்கொள்வதே நம் வழக்கம். ஒலிக்கூடத்திலோ குறியீடு பயன்பட்டது. இளையராஜா ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியை மேற்கத்தியக் குறியீட்டில் தாமே எழுதித் தருபவர். அத்தாள்கள் வாத்தியக் கலைஞர்களுக்கானவை, விற்பனைக்கு அல்ல.

1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், இசைப்படைப்பு என்றால் அச்சிலோ எழுத்திலோ வரைவிலோ அமைந்த மெட்டு என்றே வரையறுத்தது. காதும் வாயுமாக வளர்ந்த இசைமரபுக்கு இவ்வரையறை பொருந்தவில்லை. 1994 திருத்தம் எழுத்து வடிவக் கட்டாயத்தை நீக்கியது. திரைப்படத்துக்காக அமர்த்தி உருவாக்கிய பாடலின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிடில் தயாரிப்பாளரே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. திரையரங்குக்கு வெளியே பாடல் பயன்படும்போது கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமத்தொகையில் சமபங்கு உண்டு என்று 2012 திருத்தம் விதித்தது.

கணினிக் காலம்

மின்னிசைக் கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள 1983இல் மிடி என்ற பொதுமுறை வந்தது. இன்று பாப் பாடல்கள் பெரும்பாலும் கணினி மென்பொருளில் உருவாகின்றன. அத்திரையில் சுரங்கள் நீண்ட பட்டைகளாகத் தெரியும். இடமிருந்து வலமாகக் காலம், கீழிருந்து மேலாகச் சுரம். இக்காட்சிக்குப் 'பியானோ ரோல்' என்று பெயர். 1908இல் எவராலும் படிக்க முடியாதது என்று நீதிமன்றம் ஒதுக்கிய துளைத்தாள் சுருளின் வடிவமே, இன்று இளம் இசையமைப்பாளர்கள் படித்தும் எழுதியும் பழகும் குறியீடாக இருக்கிறது.

அச்சு இசைத்தாளும் மறையவில்லை. தேர்வுக்குப் பயில்வோர், தேவாலயக் குழுக்கள், பள்ளி வாத்தியக்குழுக்கள் ஆகியோர் அதை நாடுகின்றனர். அமெரிக்கப் பாடகர் பெக் 2012இல் 20 புதுப் பாடல்களை ஒலிப்பதிவு செய்யாமல், 'சாங் ரீடர்' என்ற பெயரில் இசைத்தாள்களாக மட்டும் வெளியிட்டார். அப்பாடல்களைக் கேட்க விரும்பியவர்கள் தாமே வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்த ஒவ்வொருவரிடமும் அவை வேறுவேறாக ஒலித்தன. ஒலிப்பதிவு ஒருவர் பாடியதை அப்படியே காக்கிறது. இசைத்தாள் அடுத்தவர் பாடுவதற்கு இடம் விடுகிறது.